ஒரு கூடும் இரண்டு உயிரும்

கருவிகள் மனிதனுக்குப் பணிசெய்யவே தோன்றின என்பது பொதுவாகச் சொல்லப்படும் உண்மை. ஆயினும், ஒரு கருவியை நெடுங்காலம் கையாண்டவன் தன் நினைவின் ஒரு பகுதியை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறான் என்பதும், அக்கருவி பழுதுறும் நாளிலேதான் அந்த ஒப்படைப்பின் அளவை உணர்கிறான் என்பதும் அத்துணை எளிதில் சொல்லப்படுவதில்லை. ஏடெழுதிய முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். பழைய சுவடி செல்லரித்துச் சிதைவதற்கு முன்னரே புதிய ஓலையில் அதனைப் படியெடுத்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே பழையதற்கு விடைகொடுத்தனர். ஆடிப்பெருக்கின்போது பழஞ்சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. படியெடுத்து முடிக்குமுன் ஆற்றில் விடப்பட்டவை எத்தனையோ! பழையதும் புதியதும் ஒருங்கே உயிரோடிருக்கவேண்டிய ஓர் இடைக்காலம் எல்லாப் படியெடுப்புக்கும் உண்டு. அவ்விடைக்காலத்தை எவ்வாறு காப்பது என்னும் வினா, ஓலையும் எழுத்தாணியும் மறைந்த இக்காலத்தில், கொழும்பு ஹெவ்லொக் டவுனில் ஒரு சிறிய அறையின் மேசைமீது மீண்டும் எழுந்தது.

1890 முதல் 1895 வரை இலங்கையில் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, வெள்ளவத்தையின் இரைச்சலுக்கு அண்மையிலிருந்தும் அதிலிருந்து சற்று ஒதுங்கியே வாழ்வது. காலி வீதியின் தமிழ்க் கடைகளுக்கும் கிருலப்பனைப் பக்கத்துச் சந்தைக்கும் இங்கிருந்து நடந்தே போய்வரலாம். இங்குள்ள ஒரு வீட்டின் பின்புறத்து இணைப்பறையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்துவருகிறார். அயலார் அவரை ‘மாஸ்ரர்’ என்பர். அவரிடம் பொன்னுமில்லை, காணியுறுதியுமில்லை. 2016ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக்கணினி ஒன்றுண்டு. அதன் வன்தட்டிலே 214 பக்கங்கள் கொண்ட, இன்னும் அச்சேறாத நூலொன்று உண்டு.

அந்நூலின் வரலாறு கூறத்தக்கது. இளமையிலே அவர் வலிகாமத்திலுள்ள தம்மூரில் வீடுவீடாகச் சென்று தாலாட்டு, ஒப்பாரி, வயற்பாட்டு, பழமொழி ஆகியவற்றைக் கேட்டுக் கொப்பிகளில் எழுதிவைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் மழையிலும் இருளிலும் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, தாயின் கையைப் பிடித்தவண்ணம் அவரும் நடந்தார். கொப்பிகள் இருந்த தகரப்பெட்டி கனமானது. இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்னும் நம்பிக்கையில் அதனை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். பின்னர் அவர் ஊர் சென்றபோது அந்த அறையும் இல்லை, பெட்டியும் இல்லை. 1998ஆம் ஆண்டளவில் கொழும்பிலே அவருடைய தாயார் தம் நினைவிலிருந்த பாடல்களை மீண்டும் சொல்லத் தொடங்கினார். மாலைதோறும் தாயார் சொல்ல, மகனார் தட்டெழுதினார். பத்தாண்டுகள் இப்பணி நடந்தது. 2009இல் தாயார் காலமானார். இழந்தவற்றுள் எஞ்சியது அந்த 214 பக்கமே.

அக்காலத்தில் இலங்கையில் தமிழைக் கணினியில் எழுதியோரிற் பலரைப்போல அவரும் ‘பாமினி’ எழுத்துருவையே பயன்படுத்தினார். பக்கங்களை ‘பேஜ்மேக்கர்’ என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைத்தார். பாமினி போன்ற எழுத்துருக்களின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அவற்றில் தமிழெழுத்துக்குத் தனக்கெனவோர் இடமில்லை. ஆங்கில எழுத்தின் எண்ணையே கணினி சேமிக்கிறது; அவ்வெண்ணுக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றை எழுத்துரு வரைந்து காட்டுகிறது. எழுத்துரு அகன்றால் வேடமும் அகலும். ‘அம்மா’ என்று இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, பின் எச் என்பன மாத்திரமே தோன்றும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ தமிழுக்கென 128 இடங்களைக் கொண்ட ஒரு தொகுதியை ஒதுக்கியது. அதிலே தமிழெழுத்து எங்குச் சென்றாலும் தமிழெழுத்தாகவே இருக்கும். கனடாவிலிருந்த பேத்திக்கு ஒருமுறை அவர் ஒரு தாலாட்டை அனுப்பியபோது, “தாத்தா, இது என்ன பாஷை?” என்று அவள் கேட்டாள். தம் தாயின் குரல் ஒரு பூட்டினுள் இருப்பதையும், அப்பூட்டுக்குரிய திறப்பு தம் கணினியிலே மட்டும் இருப்பதையும் அவர் அன்றே உணர்ந்தார்.

படியெடுத்தல் வேறு, படிக்க முடிதல் வேறு. கோப்புகளை அவர் இரண்டு பென்ட்ரைவ்களில் நகலெடுத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் அவற்றை உரியவாறு திறந்து காட்ட 2001ஆம் ஆண்டின் பேஜ்மேக்கர் 7 வேண்டும்; அதன்பின் அம்மென்பொருள் வளர்க்கப்படவில்லை. அது அவருடைய விண்டோஸ் 10 இயங்குதளத்தில் எவ்வாறோ தட்டுத்தடுமாறி இயங்கிக்கொண்டிருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிகழ்ந்த காலத்தையும் அவ்வன்தட்டு தாங்கியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று ஏற்படுத்திய கோளாறினால் நாடே இருளில் ஆழ்ந்தது. அன்று கணினி வேலைசெய்துகொண்டிருந்த வேளையிலேயே அணைந்தது. மின்சாரம் மீண்டபின் கணினி எழுந்ததாயினும், வன்தட்டு இடையிடையே ‘டக், டக்’ என்று ஒலிக்கத் தொடங்கிற்று. சுழலும் தட்டுகளின்மேல் மயிரிழையினும் மெல்லிய இடைவெளியில் ஊசலாடும் முனைகளைக் கொண்ட அக்கருவிக்கு அவ்வொலி நல்ல சகுனமன்று.

அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. ஓராண்டுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ளும் வழியொன்று இருந்ததாயினும், அது தவணையேயன்றித் தீர்வன்று. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 வேண்டிய வன்பொருள் தகைமை அவருடைய பழைய கணினிக்கு இல்லை. புதிய கணினி வாங்க ஓய்வூதியம் இடந்தரவில்லை. ஆகவே, பழைய விண்டோஸை நூலுக்காக மட்டும் இணையத் தொடர்பின்றி வைத்துக்கொண்டு, அன்றாடப் பணிக்கும் ஒருங்குறிப் படியெடுப்புக்கும் லினக்ஸை நிறுவுவது என முடிவுசெய்தார். 1991 ஓகஸ்ட் 25 அன்று பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்த சிறுமுயற்சியிலிருந்து வளர்ந்தது லினக்ஸ். விலைகொடாது பெறத்தக்க, மூலநிரல் மறைக்கப்படாத இம்மரபு இலங்கைக்குப் புதியதன்று. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்பின் இங்கு உருவாகி உலகின் பிற நாடுகளுக்கும் பயன்பட்ட ‘சஹானா’ என்னும் இடர்முகாமைத்துவ மென்பொருள் அம்மரபில் வந்ததே.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குச் சென்று, சுழலும் பாகங்கள் எவையுமற்ற எஸ்.எஸ்.டி. தட்டு ஒன்றை வாங்கிவந்தார். கணினிப் பெட்டியைத் திறந்து, பழைய வன்தட்டின் பக்கத்திலே புதியதையும் பொருத்தினார். முன்னரே ஆயத்தஞ்செய்த பென்ட்ரைவின் உதவியால் லினக்ஸைப் புதிய தட்டில் நிறுவினார். எல்லாம் செவ்வனே நடந்தன போலத் தோன்றிற்று. கணினியை இயக்கியதும், எதனைத் தொடங்கவேண்டும் என்று வினவும் பட்டியல் தோன்றியது. லினக்ஸும் வந்தது, விண்டோஸும் வந்தது. மறுநாள், நோயுற்ற வன்தட்டுக்கு ஓய்வு கொடுக்க எண்ணி அதன் வடத்தைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கினார். லினக்ஸ் எழவில்லை. தொடங்குவதற்குரிய தட்டு எதுவுமில்லை என்னும் அறிவிப்பே கருந்திரையில் நின்றது. வடத்தை மீண்டும் பொருத்தினார், இரண்டும் எழுந்தன. புதியது பழையதின் துணையின்றி எழமாட்டாது என்பதும், பழையதோ எந்நேரமும் வீழ்ந்துவிடலாம் என்பதும் அவரை அன்றிரவு உறங்கவிடவில்லை.

அடுத்த வீட்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் இளைஞன் ஒருவன் இருந்தான். மறுநாள் போயா விடுமுறை. மாஸ்ரர் அழைக்க, வந்து பார்த்தவன் சிரித்தான்.

“மாஸ்ரர், புது வீட்டின்ரை திறப்பைப் பழைய வீட்டுக்குள்ளை வச்சுப் பூட்டிப்போட்டியள்.”

அவன் விளக்கியது இது: இக்காலக் கணினிகளின் தாய்ப்பலகையில் யு.ஈ.எஃப்.ஐ. என்னும் நிலைப்பொருள் உண்டு. மின்னூட்டியதும் முதலில் விழிப்பது அதுவே. தட்டிலுள்ள ஒரு சிறு தொடக்கப் பகுதியைத் தேடி, அங்கிருக்கும் தொடக்க நிரலை அது எழுப்புகிறது. அந்நிரல் இயங்குதளத்தை எழுப்புகிறது. இரண்டு தட்டுகளும் பொருத்தப்பட்டிருக்கும்போது லினக்ஸை நிறுவினால், நிறுவும் செயலி ஏற்கெனவே இருக்கும் தொடக்கப் பகுதியைக் கண்டு, தன் தொடக்க நிரலையும் அங்கேயே வைத்துவிடுதல் கூடும். இங்கு நிகழ்ந்தது அதுவே. லினக்ஸின் உடல் புதிய தட்டிலே; அதன் உயிர்நாடி பழைய தட்டிலே.

“ரெண்டு வீடு கட்டினால் ரெண்டு வாசல் வேணும். பழைய தட்டைக் கழட்டி வச்சிட்டுத்தான் புதுசிலை வேலை தொடங்கவேணும். கழட்டி வச்சதை ஒருத்தரும் அழிக்கேலாது, மாஸ்ரர்.”

“நான் ஒருக்காப் பூட்டி வச்சிட்டு வந்தனான், தம்பி. திரும்பிப் போகேக்கை அது இல்லை” என்றார் அவர்.

இளைஞன் ஒன்றும் கூறவில்லை. 1995இல் அவன் பிறந்திருக்கவில்லை. சிறிது நேரத்தின்பின், “அப்ப முதலிலை இன்னுமொரு நகல் எடுப்பம்” என்று மட்டும் சொன்னான்.

சேக்கிழார் கூறும் திருமூலர் வரலாறு மாஸ்ரருக்கு அப்போது நினைவுக்கு வந்தது. சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்துகிடக்க, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் பொறாத சிவயோகி, தம் உடலை ஓரிடத்தில் காவல்செய்து வைத்துவிட்டு மூலனின் உடலிற் புகுந்தார். பசுக்களை ஊர்சேர்த்துத் திரும்பியபோது, வைத்த இடத்தில் தம் உடலைக் காணவில்லை. அது இறைவன் திருவருள் என்பது புராணம். கணினியிலோ கூடு ஒன்று, அதிற் புகும் உயிர்கள் இரண்டு. ஒரு நேரத்தில் ஓருயிரே கூட்டினுள் இருக்கலாம்; மற்றையது தன் தட்டிலே உறங்கவேண்டும். உறங்கும் உயிருக்கு ஊறு நேராது காத்தலே இங்குக் கலையாகும்.

அன்று செய்யப்பட்டவை ஒழுங்காகக் குறிக்கத்தக்கன. முதலில், கோப்புகள் அனைத்தும் வெளித்தட்டு ஒன்றில் நகலெடுக்கப்பட்டு, அந்நகல் திறக்கிறதா என்பதும் சோதிக்கப்பட்டது. அடுத்து, விண்டோஸின் தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டுள்ளதா என்று பார்க்கப்பட்டது. அவ்வாறிருப்பின், தொடக்க அமைப்பில் மாற்றம் நேர்ந்ததும் 48 இலக்க மீட்புத் திறவெண்ணை அது கேட்கக்கூடும். அவ்வெண்ணைக் காகிதத்தில் எழுதிவைக்காதவன் தன் வீட்டு வாசலிலேயே அந்நியனாவான். மாஸ்ரரின் தட்டில் அப்பூட்டு இருக்கவில்லை. பின்னர் கணினியை முற்றாக நிறுத்தி, சுவரிலிருந்து மின்வடத்தைப் பிடுங்கி, பழைய தட்டின் தரவு வடத்தையும் மின்வடத்தையும் கழற்றினர். புதிய தட்டு மட்டுமே எஞ்சிய நிலையில், பென்ட்ரைவை யு.ஈ.எஃப்.ஐ. முறையிலேயே தொடக்கி, தட்டு முழுவதையும் துடைத்து லினக்ஸை மீண்டும் நிறுவினர். வேறு தட்டு இல்லாமையால் நிறுவும் செயலி புதிய தட்டிலேயே தொடக்கப் பகுதியை ஆக்கிற்று. பென்ட்ரைவை அகற்றியபின் கணினி தனியே எழுந்தது. அதன்பின்னரே பழைய தட்டு மீண்டும் பொருத்தப்பட்டது. இயக்கும்போது உரிய விசையை அழுத்தினால் நிலைப்பொருளே இரு தட்டுகளையும் காட்டி, எது வேண்டும் என்று வினவும். ஒன்று மாண்டாலும் மற்றையது எழும்.

ஒரே தட்டைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களையும் வைத்தால் என்ன என்னும் வினா எழலாம். அதுவும் இயலும், பலர் செய்வதும் அதுவே. ஆயினும் ஒரே தட்டில் இருப்பின், தட்டு கெடும் நாளில் இரண்டும் கெடும். பிரிக்கும் வேளையில் கை தவறினும் பழையது அழியும். ஒலியெழுப்பும் ஒரு தட்டை வெட்டிப் பிரிக்க முனைதல் நோயாளியின் கட்டிலைப் பங்குபோடுதலை ஒக்கும்.

வாசல்கள் இரண்டான பின்னரும் இரு சிக்கல்கள் எஞ்சின. முதலாவது, நேரம். லினக்ஸில் பணிசெய்துவிட்டு விண்டோஸுக்குச் சென்றால் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னிற்கக் கண்டார். தாய்ப்பலகையின் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் உள்ளதென லினக்ஸ் கொள்கிறது. விண்டோஸ் அதே கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாகக் கொள்கிறது. கொழும்புக்கும் உலகப் பொது நேரத்துக்குமுள்ள வேறுபாடே அந்த ஐந்தரை மணித்தியாலம். மாஸ்ரர் இதனைக் கண்டு வியக்கவில்லை. 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்தள்ளியபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே வழங்கிற்று. 2006 ஏப்ரலில் நாடு ஐந்தரைக்கு மீளும்வரை இத்தீவில் இரண்டு நேரங்கள் இருந்தன. கடிதத்தில் ‘புதிய நேரம்’, ‘பழைய நேரம்’ என்று குறித்து எழுதிய தலைமுறை அவருடையது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தையே கொள்ளுமாறு ஒரு கட்டளையால் பணிக்க, கணினியில் அப்பிணக்குத் தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல் உறக்கத்தைப் பற்றியது. விண்டோஸ் 10இல் ‘விரைவுத் தொடக்கம்’ என்றோர் ஏற்பாடு உண்டு. கணினியை நிறுத்தும்போது அது முற்றாக நில்லாது, தன் உட்கருவின் நிலையைத் தட்டில் எழுதிவைத்து அரையுறக்கம் கொள்ளும். அந்நிலையில் லினக்ஸ் அத்தட்டினுள் எழுத முற்பட்டால் கோப்பமைப்புக் குலையக்கூடும். அதனாலேயே லினக்ஸ் பெரும்பாலும் எழுத மறுத்து, படிப்பதற்கு மட்டும் திறக்கும். ஆகையால் விரைவுத் தொடக்கம் நிறுத்தப்பட்டது. இன்னுமோர் ஒழுங்கையும் மாஸ்ரர் தாமே விதித்துக்கொண்டார். லினக்ஸிலிருந்து பழைய தட்டைப் படிக்கலாமேயன்றி அதில் எழுதலாகாது. முன்னோர் மூலச்சுவடியில் கைவைக்காதது போன்றதே இது.

இப்போது படியெடுப்பு நடைபெறுகிறது. பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றிகள் உண்டாயினும், அவற்றின் வேலை மேற்பார்வைக்கு உரியது. பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலே சேமிக்கப்பட்டுள்ளன; ‘கொ’ என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னுமாக மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. மாற்றி இவ்வரிசையைத் திருத்தவேண்டும். இடையில் ஆங்கிலச் சொல் வந்தால் அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். எல்லாவற்றிலும் நுண்ணியது ஔகாரக் குறியின் பின்பாதி. அது ளகர வடிவமே ஆகையால், ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறியிருக்கவேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் தனி ளகரமும் சேமிக்கப்பட்டுவிடுதல் உண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பின்னொருநாள் எவரேனும் அந்நூலில் மௌனத்தைத் தேடினால் அது கிடைக்காது. தாயாரின் ஒப்பாரிகளில் அச்சொல் பல இடங்களில் வருகிறது. ஒவ்வொன்றையும் அவர் கையாலேயே திருத்துகிறார். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் கிடைப்பதால், பாமினியிற் பழகிய விரல்களுக்கு வழி தவறவில்லை.

இரு உயிரும் ஒருங்கே விழித்திருக்க முடியாமையால் ஒப்புநோக்குதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். காலையில் விண்டோஸில் எழுந்து, பேஜ்மேக்கரில் பத்துப் பக்கங்களைத் திறந்து காகிதத்தில் அச்சிடுகிறார். பின் கணினியை முற்றாக நிறுத்துகிறார். லினக்ஸில் மீண்டும் எழுந்து, காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, ஒருங்குறிப் படியை வரிவரியாக வாய்விட்டுப் படிக்கிறார். பிழை கண்களுக்குத் தப்பினும் செவிக்குத் தப்புவதில்லை. ஏனெனில் மூலம் இருந்தது ஓலையிலுமன்று, தட்டிலுமன்று, ஒரு முதிய குரலில். முடிந்த பகுதிகளின் நகல்கள் மூன்று இடங்களில் வைக்கப்படுகின்றன: ஒன்று கணினியில், ஒன்று வெளித்தட்டில், மற்றொன்று கடல்கடந்து பேத்தியிடம். நூல் நிறைவுற்றதும், 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு படி அளிப்பது அவர் எண்ணம்.

முதலில் அனுப்பப்பட்டது அதே தாலாட்டு. இம்முறை பேத்தியின் கைபேசியில் அது தமிழாகவே தோன்றிற்று. அவள் எழுத்துக்கூட்டிப் படித்து, தன் குரலைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தாள். இரண்டு இடங்களில் ழகரம் தவறியிருந்தது. மாஸ்ரர் அதனைத் திருத்தி மறுமொழி எழுதவில்லை. பதிவை மட்டும் நூலின் கோப்புறையிலே சேர்த்துவைத்தார்.

பழைய வன்தட்டு இன்னும் ஒலிக்கிறது. 214 பக்கங்களில் 150 முடிந்துள்ளன. ஒவ்வொரு காலையும் விசையை அழுத்தும்போது, பட்டியலில் இரண்டு பெயர்களும் தோன்றுகின்றனவா என்று அவர் முதலில் பார்க்கிறார். தோன்றினால், பழையதைத் தெரிந்து, அன்றைய பத்துப் பக்கங்களைத் திறக்கிறார்.